பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீட்டில் பூசணம்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, தை மாதக் கல்யாணத்துக்கோ படைப்புக்கோ (முன்னோர் வழிபாட்டுக்கோ) வீட்டைத் திறக்கிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "பட்டாலை (கூடம்) சுவரெல்லாம் கறுப்பா இருக்கு, என்ன அடிக்கலாம்?" காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கத்தில் பூட்டிய வீடுகளைப் பராமரிப்பது என் வேலை. என் பதிலும் மாறுவதில்லை: "ஆச்சி, எதையும் அடிக்க வேணாம். துடைக்கவும் வேணாம். அப்படியே ஒரு படம் எடுத்து அனுப்புங்க."

நம் கண்ணில் படும் கறுப்பு, பச்சை, மஞ்சள் நிறங்கள் பெரும்பாலும் பூஞ்சையின் ஸ்போர்கள், அதாவது வித்துகள். அதன் உடம்பு தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகளாகப் பூச்சுக்குள்ளும் மரத்துக்குள்ளும் ஓடிக்கிடக்கும். வித்தைத் துடைத்தாலும் இழை தங்கிவிடும். இழையையே அழித்தாலும், ஈரம் இருக்கும்வரை காற்றில் வரும் அடுத்த வித்து அதே இடத்தில் முளைக்கும். ஆகவே முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும், பிறகு இழை, கடைசியில்தான் கறை. இந்த வரிசையை மாற்றியவர்கள்தான் அடுத்த ஆண்டும் அதே சுவருக்குப் பணம் கொடுக்கிறார்கள்.

எதையும் தொடுவதற்கு முன்

முற்றத்துக் கதவு, ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். மின்விசிறியைப் போடாதீர்கள். உலர்ந்த துடைப்பமும் ஒட்டடைக் கம்பும் அந்தப் பக்கமே போகக் கூடாது. உள்ளங்கை அகலப் பூசணத்தில் கோடிக்கணக்கான வித்துகள் இருக்கும். உலர்ந்த துடைப்பம் பட்டதும் அவை கிளம்பி வளவு (முற்றத்தைச் சுற்றிய உள்வீடு) முழுவதும் பரவிவிடும். ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறியுங்கள். என்95 முகக்கவசமும் கையுறையும் வேண்டும். வீசிங் உள்ளவர்களும் குழந்தைகளும் அந்த அறையில் இருக்க வேண்டாம்.

பிளீச்சிங் பவுடரையும் கழிவறை கழுவும் ஆசிட்டையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து.

அறிகுறி 1: சுவரின் அடியில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது

முதலில் இது பூஞ்சைதானா என்று பாருங்கள். பஞ்சில் தண்ணீர் நனைத்து ஒற்றுங்கள்.

*ஒற்றியதும் கரைந்து மறைந்து, காய்ந்த பின் மறுபடி பூக்கிறதா?* அப்படியானால் அது உப்பு. விரலில் நெருடும். நிலத்து ஈரம் சுவரில் ஏறி, காயும் இடத்தில் உப்பைத் துப்பியிருக்கிறது. இதற்குப் பூசண மருந்து அடிப்பது வீண் செலவு. சுவரை ஒட்டி மண் குவிந்திருக்கிறதா, பூச்செடி வைத்துத் தண்ணீர் ஊற்றுகிறார்களா, முற்றத்துச் சாக்கடை அடைத்திருக்கிறதா, பின்கட்டில் புதிதாகக் கட்டிய குளியலறைக் குழாய் கசிகிறதா என்று இந்த வரிசையிலேயே பாருங்கள். பாதி வீடுகளில் மண்ணை வெட்டி எடுத்தாலே போதும்.

அது எதுவும் இல்லையென்றால், சுவரடியில் யாராவது சிமென்ட் பூசியிருக்கிறார்களா என்று தட்டிப் பாருங்கள். சுண்ணாம்புச் சுவர் தன் ஈரத்தைக் காற்றில் விட்டுக்கொண்டே இருக்கும். சிமென்டும் எனாமல் பெயின்டும் அந்த வழியை அடைத்துவிடும். சுவரின் ஈரம், அதாவது ஓதம், இன்னும் மேலே ஏறும். சிமென்டைக் கொத்திவிட்டுச் சுண்ணாம்பிலேயே திரும்பப் பூச வேண்டும். இங்கே சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைக் கூப்பிடுங்கள். சிமென்ட் வேலை மட்டும் தெரிந்தவர் வேண்டாம்.

*கரையாமல் வழுவழுவென்று இழுகிறதா?* அது பூஞ்சை. அடுத்த பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி 2: சுவரில் கறுப்பு, பச்சைப் புள்ளிகள்

எந்த இடத்தில் வந்திருக்கிறது என்பதை வைத்தே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடலாம்.

*பீரோவுக்குப் பின்னால், மூலையில், மாட்டிய படத்தின் பின்னால்:* காற்றோட்டம் இல்லை. பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். இதற்குச் செலவு கிடையாது.

*கூரை ஒட்டிய பகுதியில் வட்டமாகவோ, ஓடைக் கோடாகவோ:* மேலிருந்து தண்ணீர் வருகிறது. மெத்தையில் (மொட்டை மாடியில்) ஏறித் தண்ணீர் போகும் வாயில் சருகு அடைத்திருக்கிறதா பாருங்கள். அடுத்து உடைந்த ஓடு. அதற்கும் அடுத்தது இரண்டு ஓட்டுச் சரிவுகள் சேரும் கூடல்வாய்த் தகரம். அது துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் செலவு பெரிதுதான், ஆனாலும் தள்ளிப்போடக் கூடாது. ஏன் என்பது அறிகுறி 4-இல்.

*இடம் பிடிபடவில்லை, சுவர் முழுக்க அங்கங்கே:* ஓர் அடிக்கு ஓர் அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் கோத்திருந்தால் அறைக் காற்றில்தான் ஈரம் மிகுந்திருக்கிறது. முன்னதற்குக் கசிவைத் தேட வேண்டும். பின்னதற்கு, வெயில் நாட்களில் ஜன்னலைத் திறந்து வைக்க உள்ளூரில் ஓர் ஆளை ஏற்பாடு செய்தால் போதும். மழை பெய்யும் நாளில் திறந்தால் ஈரத்தை உள்ளே அழைக்கிறீர்கள். சிறிய ஈரப்பத மானி ஒன்றை அறையில் மாட்டிவையுங்கள். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூசணம் வரத்தான் செய்யும்.

ஈரம் நின்ற பிறகு சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி, நன்றாகக் காயவிட்டு, சாதாரண வெள்ளைச் சுவரானால் புதிதாகச் சுண்ணாம்பு அடியுங்கள். புதுச் சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சை வாழாது. கடையில் "பூஞ்சை எதிர்ப்பு" என்று விற்கும் பிளாஸ்டிக் பெயின்டைவிட இது மலிவு, சுவருக்கும் நல்லது.

முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய பளபளப்புச் சுவரை மட்டும் தேய்க்காதீர்கள். பிளீச்சிங்கும் சுண்ணாம்பும் அதன் மேல் வேண்டாம். மெல்லிய ஈரத்துணியால் ஓரத்தில் ஒரு விரலகலம் ஒற்றிப் பார்த்து, மெருகு மங்கவில்லை என்று தெரிந்தால் மட்டும் தொடருங்கள். மங்கினால் அங்கேயே நிறுத்திவிட்டுப் பழைய பூச்சு வேலை தெரிந்தவரை அழையுங்கள். அந்த மெருகு ஒருமுறை போனால் திரும்ப வருவது கடினம்.

"இது என்ன பூஞ்சை?" என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. வீட்டில் கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால் செய்து பாருங்கள். ஒட்டும் டேப்பைப் பூசணத்தின் மேல் மெல்ல அழுத்தி எடுத்து, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து ஒட்டி, நுண்ணோக்கியில் 400 மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். நிமிர்ந்த காம்பு, அதன் உச்சியில் உருண்டை, உருண்டையைச் சுற்றிச் சரம்சரமாக வித்துகள் என்றிருந்தால் ஆஸ்பர்ஜில்லஸ். உருண்டை இல்லாமல் காம்பு நுனி விரல்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் சரம் தொங்கினால் பெனிசிலியம். பார்க்க அழகாக இருக்கும். பெயர் எதுவானாலும் சுவருக்குச் செய்யும் வைத்தியம் ஒன்றுதான் என்பதால், இதற்காக ஆய்வகத்துக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. வீட்டில் யாருக்காவது விடாத மூச்சிரைப்பு இருந்து மருத்துவர் கேட்டால் மட்டும் செய்யுங்கள்.

அறிகுறி 3: நிலை, கதவு, தூண் மேல் வெள்ளை அல்லது சாம்பல் படலம்

நகத்தால் சுரண்டிப் பாருங்கள். அடியில் மரம் உறுதியாகவும் தேக்கு நிறத்திலும் இருந்தால் இது மேல்பூசணம், பயம் இல்லை. பர்மா தேக்கின் வைரப் பகுதியை, அதாவது முற்றிய உள்மரத்தை, பூஞ்சை எளிதில் தின்னாது. மேலே படிந்த தூசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும்தான் தின்கிறது.

விசேஷத்துக்கு முன் கதவு பளபளக்கட்டும் என்று தேங்காயெண்ணெய் தேய்க்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. தயவுசெய்து நிறுத்துங்கள். அந்த எண்ணெய்தான் அடுத்த மழைக்காலத்தில் பூஞ்சைக்குச் சாப்பாடு.

பழைய கதவுகளில் இருப்பது பெரும்பாலும் அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட் பட்டால் அது கரைந்துவிடும். ஆகவே கதவின் பின்பக்கக் கீழ்மூலையில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். ஒட்டினாலோ நிறம் விட்டாலோ ஸ்பிரிட் வேண்டாம். பிழிந்த ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்துணியால் ஒற்றிவிட்டால் போதும்.

நகம் உள்ளே இறங்கினால் இது மேல்பூசணம் இல்லை. கீழே படியுங்கள்.

அறிகுறி 4: மரத்திலிருந்து காளான் முளைத்திருக்கிறது, அல்லது மரம் மெத்தென்று இருக்கிறது

இந்தப் பகுதியை மட்டும் யாரும் அவசரமாகத் தாண்ட வேண்டாம்.

விட்டத்தின் ஓரத்திலோ கைமரத்திலோ (ஓடுகளைத் தாங்கும் சாய்மரம்) தட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும் காளானைப் பிடுங்கிப் போட்டுவிட்டு "எடுத்தாச்சு" என்பவர்கள் அதிகம். அந்தக் காளான் பூஞ்சையின் வித்து விடும் உறுப்பு மட்டுமே. பொதுவாக, வெவ்வேறு வித்துகளிலிருந்து முளைத்து ஒன்றுக்கொன்று பொருந்திய இரண்டு இழைக்கூட்டங்கள் மரத்துக்குள்ளேயே சந்தித்துக் கலந்து, போதுமான மரத்தைத் தின்று வலுத்த பிறகுதான் வெளியே காளானை நீட்டும். காளான் கண்ணில் பட்டுவிட்டது என்றால் உள்ளே வேலை தொடங்கி நெடுநாளாயிற்று. அதைச் சமைத்துப் பார்க்கும் எண்ணமும் வேண்டாம்.

*முதல் சோதனை: தரை.* மரத்துக்கு நேர்கீழே பொடி கிடக்கிறதா? வேலைக்காரர்கள் ஓட்டுத்தூசி என்று தினமும் கூட்டித் தள்ளுவது இதைத்தான்.

– கசகசா போன்ற குறுமணிகளாக, விரலில் உருண்டால்: உலர்மரக் கரையானின் எச்சம்.
– மாவாக இருந்து, மரத்தில் குண்டூசித் துளைகள் தெரிந்தால்: உளுக்கும் வண்டு.
– மண் குழாய் ஓடியிருந்தால்: நிலக் கரையான்.
– துளையோ குழாயோ இல்லாமல், காளானுக்கு நேர்கீழே மட்டும் நைஸான பொடி என்றால்: வித்து. சந்தேகம் இருந்தால் ஒரு வெள்ளைத் தாளையும் ஒரு கறுப்புத் தாளையும் பக்கம் பக்கமாக இரவு விரித்து வையுங்கள். வெள்ளை வித்து கறுப்புத் தாளில் தெரியும், பழுப்பு வித்து வெள்ளைத் தாளில் தெரியும். காலையில் படிந்திருந்தால் காளான் உயிரோடு வித்து விடுகிறது.

முதல் மூன்றும் பூச்சி. அதற்கான ஆளைக் கூப்பிடுங்கள். கடைசியானால் மேலே போவோம்.

*இரண்டாவது சோதனை: ஸ்குரூ டிரைவர்.* மரத்தின் இழையோட்டத்துக்குக் குறுக்காக நுனியைக் குத்தி நெம்புங்கள். நல்ல மரம் "டக்" என்று நீளச் சிராய்களாகக் கிளம்பும். கெட்ட மரம் சத்தமில்லாமல், குட்டையாக, பொலபொலவென்று உடையும். பழுப்பேறி, கட்டம் கட்டமாக வெடித்து, விரலில் நசுக்கினால் தூளானால் பழுப்பு அழுகல். வெளுத்து, நார்நாராக, பஞ்சாக அமுங்கினால் வெள்ளை அழுகல். இரண்டில் பழுப்பு அழுகல்தான் அபாயம். மரத்தின் எடை பத்தில் ஒரு பங்குகூடக் குறையாத நிலையிலேயே அதன் வலுவில் பெரும்பகுதி போயிருக்கும். பார்க்க முழுசாக இருக்கும் விட்டம் பாரம் தாங்காது.

*மூன்றாவது சோதனை: ஈரம்.* மரத்தின் ஈரம் பார்க்கும் ஊசி மீட்டரை ஆசாரிகள் சிலர் வைத்திருக்கிறார்கள். இணையத்திலும் கிடைக்கிறது. 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அழுகல் நின்றுபோயிருக்கிறது. மேலே இருந்தால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். விட்டத்தின் நடுவில் குத்திப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். சுவருக்குள் புதைந்திருக்கும் முனையை ஒட்டிப் பாருங்கள். மரத்தின் முனை வழியாகத்தான் தண்ணீர் வேகமாக ஏறும். கூடல்வாய்த் தகரத்தின் ஒரு சிறு ஓட்டை, நேர்கீழே உள்ள கைமர முனையை மழைக்கு மழை நனைத்துக்கொண்டே இருக்கும். நான் பார்த்த காளான்களில் பெரும்பாலானவை அந்த மூலையில்தான். இடையில் யாரோ மாற்றிப் போட்ட மட்ட மரமும், வைரம் இல்லாத வெளிறிய வெள்ளைப் பகுதியும் தேக்குக்கு முன்னால் போகும்.

இனிச் செய்ய வேண்டியவை, செலவு குறைந்ததிலிருந்து:

கசிவை அடைத்து, அந்த இடத்துக்குக் காற்றுப் படும்படி திறந்து விடுங்கள். அழுகல் மேலோட்டமாக இருந்து, ஈரம் இறங்கிவிட்டால், கெட்டதைச் செதுக்கி எடுத்துவிட்டுப் போரிக் அமிலம், போராக்ஸ் கரைசலை ஆசாரியைக் கொண்டு இரண்டு மூன்று முறை ஊற அடிக்கலாம். இந்த உப்பு தண்ணீரில் கரையும் என்பதால், மழை படும் இடத்தில் நிற்காது. நிலையின் அடிப்பகுதி மட்டும் கெட்டிருந்தால் அதை வெட்டி, பழைய தேக்கிலேயே ஒட்டுப் போடலாம். வெட்டும்போது கண்ணுக்குத் தெரியும் அழுகலைத் தாண்டி ஓரிரண்டு அடி நல்ல மரத்தையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். இழை அதுவரை போயிருக்கும். கழித்த துண்டுகளைப் பின்கட்டில் அடுக்கி வைக்காதீர்கள். எரித்துவிடுங்கள்.

*நிறுத்த வேண்டிய இடம்:* பாரம் தாங்கும் விட்டம், உத்தரம், தூண், மெத்தைக் கட்டை ஆகியவற்றில் ஸ்குரூ டிரைவர் அரை அங்குலம் இறங்கினால் நீங்களாக எதையும் செய்யாதீர்கள். அடியில் ஆள் நடமாட்டத்தை நிறுத்துங்கள். முட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். பழைய மரக் கட்டுமானம் தெரிந்த பொறியாளரும் ஆசாரியும் சேர்ந்து பார்க்கட்டும். கல்யாணத் தேதி நெருங்குகிறது என்று அந்தக் கூடத்துக்கு மேலே ஆளேற்றிப் பந்தல் கட்ட வேண்டாம்.

அறிகுறி 5: பீரோ, பெட்டகம் திறந்தால் வாடை, பட்டில் புள்ளி

துணிகளை வெளியே எடுத்து நிழலில் காற்றாட விடுங்கள். மென்மையான பிரஷ்ஷால் வீட்டுக்கு வெளியே வைத்துத் தட்டுங்கள். கஞ்சி போட்ட துணியைப் பூட்டி வைக்கக் கூடாது. கஞ்சியும் பூஞ்சைக்கு உணவுதான். பட்டில் புள்ளி ஏறியிருந்தால் வீட்டில் பிளீச் செய்யாமல் பட்டு வெளுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அந்துருண்டை பூச்சியை விரட்டும், பூஞ்சையைத் தடுக்காது. சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, நிறம் மாறியதும் காயவைத்துத் திரும்பப் போடுங்கள்.

பழைய கேமரா இருந்தால் லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி நூலாகக் கிளைத்து ஓடியிருப்பது இழைதான். இழை சுரக்கும் அமிலம் கண்ணாடியின் பூச்சை அரித்துவிடும் என்பதால் சீக்கிரம் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

அறிகுறி 6: ஏடு, பேரேடு, பழைய புகைப்படம்

இங்கே எனக்குப் பதற்றம் கூடுதல். சுவரைத் திரும்பப் பூசலாம். ரங்கூன், பினாங்கு கடைகளின் கணக்குப் பேரேட்டை யாரும் திரும்ப எழுத முடியாது.

ஈரமாக இருந்தால் பக்கங்களைப் பிரிக்காதீர்கள். ஒட்டியது கிழிந்துவிடும். நனைந்த தாளில் 2 நாளுக்குள் பூசணம் முளைக்கத் தொடங்கிவிடும் என்பதால் உடனே காற்றோட்டமான நிழலில் விசிறி போல் விரித்து நிறுத்துங்கள். வெயில் வேண்டாம். காய்ந்திருந்தால் வீட்டுக்கு வெளியே மெல்லிய பிரஷ்ஷால் ஒரே திசையில், உங்களை விட்டு விலகித் தள்ளுங்கள். மை கரையும் என்பதால் ஸ்பிரிட்டும் தண்ணீரும் கூடாது. ஓலைச்சுவடியில் பூசணம் இருந்தால் கட்டை அவிழ்க்காமல் தாளில் சுற்றித் தனியாக வையுங்கள். எண்ணெய் பூசுவது அறிந்தவர் செய்ய வேண்டிய வேலை. கோட்டையூர் ரோஜா முத்தையா திரட்டிய நூல்கள் இன்று சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. அங்கேயோ, தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்திலோ ஆலோசனை கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

அறிகுறி 7: மிளகாய், கடலை, வற்றலில் பூசணம்

ஊறுகாய்மேல் பஞ்சு பிடித்திருந்தால் மேலே வழித்துவிட்டுச் சாப்பிடாதீர்கள். இழை உள்ளே இறங்கியிருக்கும். வற்றல் மிளகாயிலும் கடலையிலும் மஞ்சள் கலந்த பச்சைப் பூசணம் கண்டால் மூட்டையோடு ஒதுக்கிவிடுங்கள். ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை அங்கே அஃப்ளடாக்சின் நஞ்சை உண்டாக்கக்கூடும். அது ஈரலைக் கெடுக்கும். கழுவினாலும், வறுத்தாலும், அரைத்துக் குழம்பு வைத்தாலும் முழுதாக அழியாது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்ததற்குக் காரணம் தேடியபோதுதான், தீவனக் கடலைப் பிண்ணாக்கில் இருந்த இந்த நஞ்சு வெளியே தெரிந்தது. மாடு, கோழிக்கும் போடாதீர்கள்.

அறிகுறி 8: வெளிச்சுவர், சுதை உருவங்கள் மேல் கறுப்பும் சாம்பல் திட்டும்

வட்டவட்டமாக ஒட்டியிருக்கும் சாம்பல் திட்டு பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் லைக்கன். அதன் இழை சுண்ணாம்புக்குள் ஊன்றியிருக்கும். சுரண்டினால் சுதையின் மேல்தோலும் கூடவே வரும். அழுத்த நீர் பீய்ச்சும் இயந்திரம் மூக்கையும் விரலையும் பெயர்த்துவிடும். இதில் வீட்டு வைத்தியம் எதுவும் கிடையாது. சுதை வேலை தெரிந்தவர் பார்க்கட்டும். அதுவரை அங்கே தண்ணீர் வழியாமல் மேலே உள்ள கொடுங்கையை (சுவருக்கு வெளியே நீட்டிய வளைந்த விளிம்பை) சரிசெய்து வையுங்கள்.

அறிகுறி 9: சுத்தம் செய்த அதே இடத்தில் மறுபடி

*ஒரு வாரத்துக்குள்* திரும்பினால் தண்ணீர் நிற்கவில்லை. பிளாஸ்டிக் தாள் சோதனையை மறுபடி செய்யுங்கள். *அடுத்த மழைக்குப் பின்* திரும்பினால் கசிவு மேலே. மழை பெய்யும்போதே மெத்தையிலும் ஓட்டடியிலும் ஆள் நின்று பார்க்க வேண்டும். காய்ந்த பின் தேடினால் அகப்படாது. *வீடு பூட்டியிருக்கும்போது மட்டும்* திரும்பினால் காற்றோட்டக் குறை. வாரம் ஒருமுறை வெயில் ஏறிய பின் திறந்து, சாயங்காலம் மூடச் சொல்லுங்கள். வளவு அறைகளின் உள்கதவுகளை எப்போதும் திறந்தே வையுங்கள். வாசலைப் பூட்டினால் போதும்.

வீட்டில் தங்கும் நாட்களில் மட்டும் இருமலும் மூச்சிரைப்பும் வந்து, ஊருக்குத் திரும்பினால் குறைந்தால், அதை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். சர்க்கரை கட்டுப்படாதவர்களும், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களும் பூசணம் துடைக்கும் நாளில் வேறு வீட்டில் தங்கிக்கொள்ளுங்கள்.